விண்வெளிச் செய்தியில போடுற தேதிய எப்படிப் படிக்கணும்?

கேள்வி சுருக்கமா இதுதான். பல வருஷமா ஒரே அறிவியல் எழுத்தாளர் எழுதுற வானியல், விண்வெளித் திட்டச் செய்திகள விடாம படிக்கிறவர் கேட்டிருக்கார்: "அவர் அடுத்த வருஷம் போகும்னு எழுதுன எதுவும் அடுத்த வருஷம் போனதா ஞாபகமே இல்ல, அதே திட்டம் அதே படம், வருஷம் மட்டும் மாறிட்டே வருது. அவர் விசாரிக்காம எழுதுறாரா, இல்ல நாசா இஸ்ரோலயே நம்ம காதுல பூ சுத்துறாங்களா? வியாழனுக்குப் போற யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030ல போய்ச் சேரும்னு போட்டிருக்காரே, அதையாவது நம்பலாமா?"

முதல்ல அந்த எழுத்தாளர விட்டுருங்க பாவம். அவர் தேதிய தப்பா எழுதல, தேதிக்கு முன்னாடி இருந்த ரெண்டு வார்த்தைய முழுங்கிட்டார், அவ்வளவுதான். இந்தத் துறைல லான்ச் தேதி சொல்றப்ப பக்கத்துல 'NET' (No Earlier Than)னு மூணு எழுத்து போடுவாங்க. அதுக்கு அர்த்தம் "இந்த நாளுக்கு முன்னாடி கிடையாது". இந்த நாள்ல போகும்னு யாரும் சொல்லல, எல்லாமே ஒழுங்கா நடந்தா, ஒரு ஸ்க்ரூ கூட லூஸ் ஆகாம இருந்தா, இதுதான் கதவு திறக்குற முதல் நாள்னு சொல்றாங்க. செய்தியா வரும்போது அது "செப்டம்பர்ல பறக்கிறது"ன்னு ஆயிடுது. தலைப்புல "செப்டம்பருக்கு முன்னாடி பறக்காது"ன்னு போட்டா யார் படிப்பா சொல்லுங்க.

இன்னொன்னு, பெரிய திட்டத்துக்கு உள்ளுக்குள்ள ரெண்டு தேதி இருக்கும். டீம் ஓடி ஓடி வேல பாக்குற தேதி ஒண்ணு, மேலிடத்துல எழுதிக் குடுத்த தேதி ஒண்ணு. நாசால பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் குடுக்கும்போது, "இந்தக் காசுல இந்தத் தேதிக்குள்ள முடிக்க 70 சதவீதம் வாய்ப்பு இருக்கு"ன்னு கணக்கு காட்டணும்னு ஒரு விதிமுறையே இருக்கு. அப்படின்னா மீதி 30 சதவீதம் தவறும்னு அவங்களே கையெழுத்து போட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க. ரோமன் விண்வெளி டெலஸ்கோப்ப எடுத்துக்கங்க, எழுதிக் குடுத்த கெடு 2027 மே, ஆனா டீம் 2026லயே அனுப்பிடலாம்னு வேல பாத்தாங்க. ஒரு பத்திரிகை முதல் தேதியப் போடும், இன்னொண்ணு ரெண்டாவதப் போடும், ரெண்டையும் படிச்சவர் குழம்பிப் போவார்.

நான் ஒரு பழைய நோட்டு வச்சிருக்கேன், செய்தியில வந்த தேதி இடது பக்கம், நடந்த தேதி வலது பக்கம், நடுவுல ஏன் தள்ளிப் போச்சுன்னு ஒரு வரி. பல வருஷம் எழுதினதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது, தேதி பாக்கவே வேணாம், அந்த நடு வரிதான் செய்தி.

உதாரணத்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப். 90கள் கடைசில பேச்சு என்னன்னா 2007ல போயிடும், செலவு அம்பது கோடி டாலர்ல இருந்து நூறு கோடி டாலருக்குள்ள. நடந்தது 2021 டிசம்பர் 25, செலவு கிட்டத்தட்ட ஆயிரம் கோடி டாலர். இத கேட்டா யாருக்கும் ஏமாத்து வேலன்னுதான் தோணும், அதுல பாதி உண்மையும் கூட. 2010ல ஒரு தனிக்குழு உக்காந்து பாத்துட்டு, தொழில்நுட்பத்துல குறை இல்ல, பட்ஜெட் போட்டதும் நிர்வாகம் பண்ணதும்தான் தப்புன்னு எழுதியே குடுத்தாங்க. ஆரம்பத்துல உண்மையான செலவ சொன்னா திட்டம் மேசையத் தாண்டாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நல்ல நாள் பாத்து கம்மியா ஒரு நம்பர் சொல்றது, அப்புறம் பாதி கட்டினத யாரும் தூக்கிப் போட மாட்டாங்கங்கிற தைரியம். 2011ல அமெரிக்க பிரதிநிதிகள் சபைக் குழு நிஜமாவே தூக்கிப் போடப் பாத்துச்சு, நூலிழைல தப்பிச்சுது. இந்த பகுதிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனா மீதிப் பாதி வேற கத. அந்த டெலஸ்கோப்போட கண்ணாடி 6.5 மீட்டர், அப்ப இருந்த எந்த ராக்கெட் தலைக்குள்ளயும் முழுசா நுழையாது, அதனால 18 அறுகோணத் துண்டா பெரிலியத்துல செஞ்சு தங்கம் பூசி மடிச்சு வச்சாங்க. அதுக்கு வெயில் படாம இருக்க டென்னிஸ் கோர்ட் அளவுல அஞ்சு அடுக்கு சன்ஷீல்டு, ஒவ்வொரு அடுக்கும் முடி மாதிரி மெல்லிசான பிளாஸ்டிக் படலம், அதையும் புடவை மடிக்கிற மாதிரி மடிச்சு உள்ள வச்சாங்க. போற இடம் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல, ஹபிள் டெலஸ்கோப்புக்குப் பண்ண மாதிரி ஆள் போய் ரிப்பேர் பண்ண முடியாது. ஒண்ணு சொதப்பினாலே மொத்தமும் போச்சுங்கிற மாதிரி இடம் 344 இருந்துச்சு. முந்நூத்தி நாப்பத்து நாலு!

இப்ப 2018க்கு வாங்க. ராக்கெட் கிளம்பும்போது வர்ற சத்தத்த தாங்குமான்னு பாக்க, பெரிய ஸ்பீக்கர் வச்ச ரூம்ல நிறுத்தி அதிர வச்சாங்க, முடிச்சு வெளிய எடுத்துப் பாத்தா கீழ ஸ்க்ரூவும் வாஷரும் கிடக்கு. சன்ஷீல்டு மேல மூடுற உறைய பிடிச்சு வைக்கிற ஸ்க்ரூங்க. எது எங்க இருந்து விழுந்துச்சு, எத்தன விழுந்துச்சு, உள்ள எங்கயாவது போய் மாட்டிக்கிட்டு இருக்கான்னு ஒவ்வொண்ணா தேடுறதுக்கு மாசக்கணக்காச்சு. அதே சமயத்துல வால்வ தப்பான கரைப்பான் போட்டுக் கழுவினது, சன்ஷீல்டு விரிச்சுப் பாத்தப்ப கிழிஞ்சதுன்னு வேற வரிசையா வந்துச்சு. இதுக்கு முந்தின வருஷம் ஹூஸ்டன்ல அப்பல்லோ காலத்து பெரிய வெற்றிட அறைக்குள்ள டெலஸ்கோப்ப வச்சு மூணு மாசத்துக்கு மேல குளிர வச்சு டெஸ்ட் பண்ணாங்க, நடுவுல ஹார்வி புயல் வந்து ஊரே மூழ்கிடுச்சு, டெஸ்ட நிறுத்த முடியாது, ஆளுங்க அங்கயே படுத்து எழுந்து ஓட்டினாங்க.

செய்தில இதெல்லாம் எப்படி வந்துச்சு? "வெப் மறுபடியும் தாமதம்". ஒரே வரி. என் நோட்டுல அந்த வரிக்கு நேரா "ஸ்க்ரூ கிடைச்சுது"ன்னு எழுதி வச்சிருக்கேன். தரைல விழுந்த ஸ்க்ரூவ பொறுக்கிக்கலாம், 15 லட்சம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் விழுந்தா யார் பொறுக்குறது? லான்ச் ஆனதுக்கு அப்புறம் சன்ஷீல்டு 2022 ஜனவரி 4ம் தேதி முழுசா இழுத்துக் கட்டி முடிஞ்சுது, 8ம் தேதி கண்ணாடி விரிஞ்சுது, 344ல ஒண்ணு கூட சொதப்பல.

அப்ப டெஸ்ட்ல தப்பு தெரிஞ்சும் தள்ளிப் போடாம அனுப்பினா என்ன ஆகும்னு கேட்டா, ஹபிள்தான் பதில். 1990 ஏப்ரல் 24 அனுப்பினாங்க, படம் எல்லாம் மங்கல். 2.4 மீட்டர் கண்ணாடிய அவ்வளவு துல்லியமா பாலிஷ் போட்டிருந்தாங்க, ஆனா தப்பான வடிவத்துக்கு துல்லியமா போட்டிருந்தாங்க. விளிம்புல ரெண்டு மைக்ரானுக்குக் கொஞ்சம் அதிகமா தப்பு, அதாவது முடியோட தடிமன்ல ஏறக்குறைய அம்பதுல ஒரு பங்குதான். கண்ணாடிய அளக்குற கருவில ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருந்துச்சு, அளவு எடுக்க அனுப்புன ஒளி, பெயிண்ட் உதிர்ந்திருந்த ஒரு மூடி மேல பட்டுத் திரும்பினதுதான் காரணம். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இன்னும் ரெண்டு சாதாரணக் கருவி வச்சும் பாத்திருக்காங்க, ரெண்டுமே தப்பு இருக்குன்னு காட்டிருக்கு, "அதுங்க அவ்வளவு துல்லியம் இல்ல, பெரிய கருவிதான் சரி"ன்னு ஒதுக்கிட்டாங்க. அன்னிக்கு யாராவது உக்காந்து ஏன் ரெண்டு கருவி ஒரு மாதிரியும் ஒண்ணு வேற மாதிரியும் சொல்லுதுன்னு கேட்டு சில மாசம் தள்ளிப் போட்டிருந்தா, 1993 டிசம்பர்ல ஷட்டில்ல ஆளுங்க போய் ஹபிளுக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி ஒண்ணு மாட்டி விடுற நிலைமையே வந்திருக்காது.

அதனால டெஸ்ட்ல சிக்கித் தள்ளிப் போற திட்டத்தப் பாத்தா எனக்கு நம்பிக்க கூடும், குறையாது.

அடுத்து, நிறைய பேர் குழம்புறது இந்தக் காலண்டர் விஷயம். ரெண்டே வாரம் வேல பாக்கி, ஆனா தாமதம் ரெண்டு வருஷம், இது என்ன கூத்துன்னு கேப்பாங்க. பூமி சூரியன சுத்த 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள், ரெண்டும் திரும்ப அதே மாதிரி தோதான நிலைமைக்கு வர ஏறக்குறைய 780 நாள், அதாவது 26 மாசம். அந்தக் கதவு, அதாவது லான்ச் விண்டோ, சில வாரம்தான் திறந்திருக்கும். செவ்வாய்ல இறங்க வேண்டிய நாசாவோட இன்சைட் லேண்டர் 2016 மார்ச்ல போக வேண்டியது. செவ்வாய் நிலநடுக்கத்த அளக்குற கருவி ஒரு வெற்றிட உருண்டைக்குள்ள உக்காந்திருக்கும், அணுவோட அளவ விடக் கம்மியான அசைவக் கூட பிடிக்கணும், அந்த உருண்டைல ஒரு பொடி லீக். அடைச்சாங்க, இன்னொரு லீக். விண்டோ மூடிருச்சு. நேரா 2018 மே 5. லீக்க சரி பண்ண 26 மாசம் ஆகல, கிரகங்கள் திரும்ப வரத்தான் 26 மாசம் ஆச்சு, அதுக்குள்ள டீமுக்கு சம்பளம், கலத்த பத்திரமா வைக்கிறது எல்லாம் சேர்த்து பதினஞ்சு கோடி டாலர் எக்ஸ்ட்ரா.

ஐரோப்பாக்காரங்களோட ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவர் இதுல ரொம்ப பாவம். 2018, அப்புறம் 2020, அங்க பாராசூட் டெஸ்ட்ல கிழிஞ்சு தள்ளிப் போச்சு, 2022க்கு எல்லாம் ரெடியா இருந்தப்ப உக்ரைன் போர், ரஷ்யா கூட இருந்த ஒப்பந்தம் போச்சு, ராக்கெட்டும் இறங்குற மேடையும் அவங்களோடது. இப்ப 2028னு சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் காரணம் வேற, எழுத்தாளர் என்ன பண்ணுவார், ஒவ்வொரு தடவையும் அன்னிக்கு உண்மையா இருந்தத எழுதிருப்பார்.

சில சமயம் கதவு மூடினா வேற வீட்டுக்கே போயிடுவாங்க. ஐரோப்பாவோட ரோசெட்டா விண்கலம் 2003 ஜனவரில விர்டானன்னு ஒரு வால்மீனுக்குப் போக வேண்டியது, ஒரு மாசம் முன்னாடி 2002 டிசம்பர்ல புது வகை ஏரியன் 5 ராக்கெட் வெடிச்சுது, நிறுத்தி வச்சாங்க, அந்த வால்மீன் காத்திருக்காதே. வேற ஒண்ணத் தேடி 67பி சுரியுமோவ்-கெராசிமென்கோவப் பிடிச்சாங்க, 2004 மார்ச் 2 கிளம்பி பத்து வருஷம் ஓடி 2014 ஆகஸ்ட்ல போய்ச் சேந்துச்சு. நவம்பர் 12ம் தேதி அதுல இருந்து ஃபிலே லேண்டர் இறங்குச்சு, தரையக் குத்திப் பிடிச்சுக்க வச்சிருந்த ஈட்டி வேல செய்யல, பந்து மாதிரி எகிறி ரெண்டு மணி நேரம் மிதந்து போய் ஒரு பாறை நிழல்ல விழுந்துச்சு. இன்னிக்கு எல்லாரும் பாக்குற அந்த வாத்து வடிவ வால்மீன் படம், ராக்கெட் வெடிச்சதால நமக்குக் கிடைச்ச படம்.

தள்ளிப் போறது எப்பவும் நல்லதுன்னு சொல்ல வரல. கலிலியோ விண்கலம் 1986ல வியாழனுக்குப் போக வேண்டியது, அந்த ஜனவரில சேலஞ்சர் ஷட்டில் வெடிச்சுது, எல்லாம் நின்னுது, கலத்த லாரில ஏத்தி கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போய் வச்சாங்க, திரும்ப லாரில ஃப்ளோரிடா. 1989 அக்டோபர்ல கிளம்புச்சு. 1991ல பெரிய ஆண்டெனாவ விரிக்கச் சொல்லி கட்டளை அனுப்பினா, குடை மாதிரி விரிய வேண்டியது, சில கம்பிங்க ஒட்டிக்கிட்டு பாதில நின்னுருச்சு. அத்தன வருஷம் மடிச்சே இருந்தது, லாரில குலுங்கினதுல கம்பி நுனில இருந்த லூப்ரிகண்ட் தேஞ்சு போனதுதான் காரணமா இருக்கும்னு கண்டுபிடிச்சாங்க. நொடிக்கு 134 கிலோபிட் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆண்டெனால தட்டுத் தடுமாறி அதிகபட்சம் 160 பிட் அனுப்பிச்சு. அப்படியும் வியாழனோட நிலாவான யூரோப்பாவோட பனிக்கு அடில கடல் இருக்குன்னு நம்பிக்கை குடுத்தது அந்தக் கலம்தான், மனுஷங்க விடாப்பிடியா சாஃப்ட்வேர மாத்தி மாத்தி வேல வாங்கினாங்க.

மூணாவது வகை, அதுதான் எனக்கு சுத்தமா பிடிக்காதது, மேடைல சொல்ற தேதி. ஆள விண்வெளிக்கு அனுப்புற இஸ்ரோ திட்டம் ககன்யான 2018 சுதந்திர தின உரைல அறிவிச்சாங்க, 2022க்குள்ள இந்தியர் விண்வெளிக்குப் போவார்னு. ஏன் 2022? சுதந்திரத்துக்கு 75 வருஷம், அவ்வளவுதான். எஞ்சினியர் கணக்குல வந்த நம்பர் இல்ல. ஆபத்து வந்தா ஆளுங்க இருக்கிற கூண்ட ராக்கெட்ல இருந்து பிச்சு இழுத்துட்டுப் போற அமைப்ப, பறக்குற ராக்கெட்ல வச்சுப் பாத்த முதல் டெஸ்டே 2023 அக்டோபர் 21தான் நடந்துச்சு. இப்ப ஆளோட போற பயணம் 2027னு பேச்சு. இதுல இஸ்ரோவ திட்றதுக்கு ஒண்ணும் இல்ல, உயிர் போற விஷயத்துல அவசரப்படாம இருக்காங்களேன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா நூற்றாண்டு, வைர விழா, தேர்தல், இதுல எதாவது ஒண்ணோட தேதி ஒட்டி வந்தா அத நோட்டுல நான் பென்சில்லதான் எழுதுவேன்.

அதே இஸ்ரோ நல்லா செஞ்சதையும் சொல்லணும். சந்திரயான் 2க்கு லேண்டர் ரஷ்யா தர்றதா இருந்துச்சு, லான்ச் 2013 வாக்குல. 2011ல ரஷ்யாவோட ஃபோபோஸ்-க்ரன்ட் விண்கலம் பூமியச் சுத்துற பாதைய விட்டே நகராம போச்சு, அதுக்கு அப்புறம் அவங்க இழுத்தடிக்க, நாமளே செய்யலாம்னு இறங்கினாங்க, அதான் ஆறு வருஷம். 2019 ஜூலை 15 விடியக்காலைல கவுண்ட்டவுன் 56 நிமிஷம் இருக்கும்போது நிறுத்தினாங்க, ஜூலை 22 அனுப்பினாங்க. ஒரு வாரம் லேட். ஆனா இறங்குற நாள் எவ்வளவு தள்ளிப் போச்சு தெரியுமா, ஒரே ஒரு நாள், செப்டம்பர் 6ல இருந்து 7. நடுவுல சுத்துற சுத்தக் குறைச்சு சரிக்கட்டிட்டாங்க. ஏன் அந்த நாளுக்கு அவ்வளவு மெனக்கெடணும்னா, இறங்குற இடத்துல அப்பதான் விடியுது, லேண்டரோட ஆயுசே 14 நாள் பகல். கடைசில லேண்டர் விழுந்து நொறுங்கினது வேற விஷயம், அத 2023 ஆகஸ்ட் 23 சந்திரயான் 3 சரி பண்ணிருச்சு.

தரைல கட்டுற டெலஸ்கோப்புக்கு லான்ச் விண்டோ கிடையாது, அதனால அதுங்க சத்தமில்லாம நகரும், வருஷத்துக்கு அஞ்சாறு மாசம். சிலி நாட்டுல 39 மீட்டர் கண்ணாடியோட கட்டுற இஎல்டிங்கிற டெலஸ்கோப்புக்கு 798 துண்டு, அதுல பாதி முடிஞ்சா பாதி டெலஸ்கோப் கிடைக்காது. அதே சிலி நாட்டுல ரூபின் ஆய்வகம் இப்படித்தான் நகர்ந்து நகர்ந்து 2025 ஜூன் 23 முதல் படங்கள வெளியிட்டுச்சு, 3200 மெகாபிக்சல் கேமரா. அந்த ஒரு நாள் எல்லாரும் எழுதினாங்க, கட்டினப்ப ஒருத்தரும் எழுதல.

இப்ப உங்க கடைசிக் கேள்வி, 2030 நம்பலாமா.

நம்பலாம். ஏன்னா அது வேற வகை தேதி. கிளம்புற வரைக்கும் தேதி மனுஷங்க கைல, ஸ்க்ரூ, புயல், காசு, போர்னு எதுவும் இழுக்கும். கிளிப்பருக்கே 2024 மேல டிரான்சிஸ்டருங்க வியாழனோட கதிர்வீச்ச தாங்காதோன்னு பயம் வந்துச்சு, நாலு மாசம் ராத்திரி பகலா டெஸ்ட் பண்ணி சரின்னாங்க, அப்புறம் அக்டோபர் 10 கிளம்ப இருந்தப்ப மில்டன் புயல், 14ம் தேதிதான் போச்சு. ஆனா கிளம்பிட்டா தேதி ஈர்ப்பு விசை கைல. அதுக்கு லீவு கிடையாது, பட்ஜெட் கிடையாது. 2025 மார்ச்ல செவ்வாய் பக்கத்துல போய் வேகம் திருத்திக்கிச்சு, 2026 டிசம்பர்ல திரும்ப பூமி பக்கம் வந்து ஒரு தள்ளு வாங்கிக்கும், 2030 ஏப்ரல்ல வியாழன். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006 ஜனவரில கிளம்பி ஒன்பதர வருஷம், 480 கோடி கிலோமீட்டர் ஓடி 2015 ஜூலை 14 புளூட்டோவக் கடந்துச்சு, கிளம்புன அன்னிக்கு போட்ட கணக்குக்கும் போய்ச் சேந்ததுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதுவும் ஒரு நிமிஷம் சீக்கிரம்.

விதிவிலக்கு இருக்கு, எல்லாம் எஞ்சின்ல. ஜப்பானோட அகாட்சுகி விண்கலம் 2010 டிசம்பர்ல வெள்ளிய சுத்த ஆரம்பிக்கணும், எஞ்சின் பாதில சொதப்பி வெள்ளியத் தாண்டிப் போயிருச்சு, அஞ்சு வருஷம் சூரியனச் சுத்திட்டு 2015 டிசம்பர்ல திரும்ப வந்தப்ப, திசை திருப்ப வச்சிருந்த பொடி எஞ்சின்கள வச்சே உள்ள தள்ளினாங்க. பெபிகொலம்போ விண்கலம் புதன் கிரகத்துக்கு 2025 டிசம்பர்ல போய்ச் சேர வேண்டியது, 2024ல மின்சார உந்திகளுக்கு முழு பவர் கிடைக்கல, புதுப் பாத போட்டு 2026 நவம்பர்னு மாத்தினாங்க. கிளிப்பர்லயும் வியாழன்கிட்ட போனதும் எஞ்சின் பல மணி நேரம் எரியணும், வேகத்தக் குறைச்சாதான் வியாழன் பிடிச்சு வச்சுக்கும். அது ஒண்ணுதான் பாக்கி. நோட்டுல கிளிப்பரோட வரி பேனாலதான் எழுதிருக்கேன், வலது பக்கம் மட்டும் இன்னும் காலியா இருக்கு.